சந்து வழியும் குடித்தனக்காரர் உரிமையும்

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் போன்ற சென்னையின் பழைய பகுதிகளில், ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் தனித்தனிப் பகுதிகளில் வாடகைக்கு இருந்துகொண்டு, கிணறு, குழாய், முற்றம், கழிப்பறை, நடைவழி ஆகியவற்றைப் பொதுவில் வைத்துப் புழங்கிய ஒண்டுக்குடித்தன வாழ்க்கையில், சட்டம் என்றால் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையில் நடப்பது என்ற எண்ணமே வேரூன்றியிருந்தது. வாடகையை உயர்த்தினால் என்ன செய்வது, காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்பவற்றை அவ்வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரளவு அறிந்திருந்தனர். ஆனால் வீட்டுக்காரர் அல்லாத ஒருவர், அதாவது எந்த ஒப்பந்தத்தாலும் தமக்குக் கட்டுப்படாத பக்கத்து வீட்டார், பகைமை கொண்டு நடைவழியை அடைத்தாலோ கழிவுநீரைத் திருப்பிவிட்டாலோ ஏச்சும் மிரட்டலுமாக அன்றாட வாழ்வைக் குலைத்தாலோ, வாடகைக்கு இருப்பவர் தம் பெயரிலேயே நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அத்தகைய ஒரு வழக்கை, அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இக்கட்டுரையாளர் வீட்டுக்குள்ளிருந்தே கண்டவர் ஆதலால், சட்டத்தின் போக்கும் அக்குடும்பங்களின் அனுபவமும் இங்கே சேர்த்தே எழுதப்படுகின்றன.

சென்னையின் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆணைகளில் தொடங்கி, 1946, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்து, 1960 ஆம் ஆண்டின் 18 ஆம் சட்டமான தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில் நிலைபெற்றது. சட்டம் குறித்த காரணங்களில் ஒன்று நிரூபிக்கப்பட்டாலன்றிக் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது என்பதே அதன் உயிர்நாடி. அக்காரணங்களுள் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல் ஆகியவற்றோடு, அதே கட்டடத்தின் பிற பகுதிகளில் வசிப்போருக்கோ அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் வசிப்போருக்கோ தொல்லையாக நடந்துகொள்ளுதலும் 10(2)(v) பிரிவில் இடம்பெற்றிருந்தது. தொல்லை தரும் குடித்தனக்காரரை அகற்ற இப்பிரிவு உதவியது உண்மையே. எனினும் இதைக் கையிலெடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே இருந்தது. பக்கத்துப் பகுதியில் இருப்பவரால் அல்லற்பட்ட குடித்தனக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் நேரே சென்று அவரை வெளியேற்றுங்கள் என்று கேட்க வழியிருக்கவில்லை. தொல்லை தருபவர் பக்கத்து வீட்டின் சொந்தக்காரராகவே இருந்துவிட்டால் அச்சட்டம் முற்றிலும் பயனற்றதாக இருந்தது. இன்னொரு ஆபத்தும் அப்பிரிவில் ஒளிந்திருந்தது. பகைமை கொண்ட பக்கத்து வீட்டாரே, குடித்தனக்காரர்கள் தமக்குத் தொல்லை தருவதாக வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டால், அக்கடிதம் வெளியேற்ற வழக்கில் ஒரு சான்றாக மாறிவிடக்கூடியதாக இருந்தது.

இங்கு நினைவுகூரப்படும் வீடு திருவல்லிக்கேணியில், முன்கட்டு, பின்கட்டு, கொல்லை என நீளவாக்கில் அமைந்த பழைய ஓட்டு வீடு. தெருவிலிருந்து கொல்லைவரை, வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய அகலத்தில் ஒரு சந்து ஓடியது. பத்திரப்படி அச்சந்து பக்கத்து வீட்டின் மனையைச் சேர்ந்தது. ஆயினும் பின்கட்டுக் குடும்பங்களுக்குத் தெருவோடு இருந்த நேரான தொடர்பு அது ஒன்றுதான். முன்கட்டு வழியாக வருவதென்றால் மற்றொரு குடும்பத்தின் கூடத்தைக் கடந்தாக வேண்டும். அவர்கள் கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டால் அதுவும் இயலாது. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்ததும், விறகும் கெரசினும் வந்ததும், சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆள் வந்ததும், வீட்டில் சாவு நேர்ந்தால் பாடை சென்றதும் அவ்வழியாகவே. பக்கத்து வீடு எழுபதுகளின் பிற்பகுதியில் கைமாறியது. புதிதாக வாங்கியவர் சந்தின் மேல் ஓர் அறை எழுப்ப எண்ணி, முதலில் செங்கல்லையும் ஜல்லியையும் அங்கே குவித்தார். பிறகு தெருப்பக்கம் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார். கேட்கப் போனவர்களுக்குக் கிடைத்த விடை, "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு வழி ஏது, பாத்தியம் ஏது? இருந்தா வீட்டுக்காரன் வந்து கேக்கட்டும்" என்பது.

அந்த விடையை அன்று கேட்ட பெரியவர்களில் பலர் மனத்துக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்பதைத்தான் இக்கட்டுரையாளர் அந்நிகழ்ச்சிகளிலேயே மிக முக்கியமானதாகக் கருதுகிறார். சொந்தக்காரருக்கு மட்டுமே உரிமை, குடியிருப்பவருக்கு இருப்பது சலுகை என்ற எண்ணம் பகைவரின் வாயில் மட்டுமன்றிப் பாதிக்கப்பட்டவர்களின் மனத்திலும் குடிகொண்டிருந்தது. வேற்றூரில் இருந்த வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதங்களுக்கு நெடுநாள் பதிலில்லை. வந்த ஒரே பதிலும், சிரமமாக இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் நின்றது. கட்டுப்படுத்தப்பட்ட குறைந்த வாடகையில் பல்லாண்டுகளாக இருந்த குடும்பங்கள் தாமாகவே கிளம்பினால் அவருக்கு இழப்பில்லை. சந்து அடைபட்டதால், அவர் எதுவும் செய்யாமலே அவருடைய வேலை நடந்துகொண்டிருந்தது. சொத்து மாற்றுச் சட்டம், 1882 இன் 108(c) பிரிவு, வாடகையைச் செலுத்தி நிபந்தனைகளைக் காத்துவரும் குத்தகைதாரர் இடையூறின்றிச் சொத்தை அனுபவிப்பார் என்று வீட்டுக்காரர் உறுதியளித்ததாகக் கொள்கிறது. ஆனால் இது வீட்டுக்காரரும் அவர்வழி உரிமை கோருவோரும் செய்யும் இடையூற்றுக்கே பொதுவாகப் பொருந்தும். அயலார் ஒருவர் தம் விருப்பப்படி செய்யும் அத்துமீறலுக்கு வீட்டுக்காரரைப் பொறுப்பாக்க அது எளிதில் உதவுவதில்லை.

காவல் நிலையத்தில் கிடைத்த விடையும் சென்னைவாசிகள் அறிந்ததே: இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள். இவ்விடை முழுவதும் தவறன்று. ஆனால் முழுவதும் சரியுமன்று. நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை குறித்த தகராறு அமைதியைக் குலைக்கும் நிலைக்கு வந்தால், நிர்வாக நடுவர் தலையிட்டு, அவ்வுரிமையில் குறுக்கிடக் கூடாது என்று ஆணையிடக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973 இன் 147 ஆம் பிரிவு இடமளித்தது. ஆண்டு முழுவதும் அனுபவிக்கத்தக்க உரிமையாயின், புகாருக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் அது பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கெஞ்சிப் பார்ப்பதிலும் பெரியவர்களை அனுப்பிப் பேசுவதிலும் இந்த மூன்று மாதம் கரைந்துபோவது மிக எளிது. அவ்வீட்டிலும் அப்படியே கரைந்தது. அமைதி காப்பதற்கான பிணை கோரும் 107 ஆம் பிரிவும், குற்றநோக்குடன் மிரட்டுதலைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 506 ஆம் பிரிவும் அன்று இருந்தன. 2024 ஜூலை 1 முதல் இவற்றின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் பாரதிய நியாய சன்ஹிதாவும் வந்துள்ளன. உரிமைகளின் சாரம் மாறவில்லை, எண்கள் மாறியுள்ளன. இன்று காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சீட்டையாவது கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது, ஏனெனில் தொல்லை எந்த நாளில் தொடங்கியது என்பதற்குப் பின்னாளில் அதுவே எழுத்துச் சான்றாகும்.

வீட்டின் இளைஞர்கள் பூட்டை உடைத்துவிடலாம் என்றனர். இக்கட்டுரையாளரின் தந்தை, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அதற்குமுன் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுவோம் என்று தம்புச் செட்டித் தெருவில், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் நெருக்கமாக அமைந்த வக்கீல் அறைகளுள் ஒன்றுக்குச் சென்றார். அங்கிருந்த முதிய வக்கீல் முதலில் சொன்னது, பூட்டில் கை வைக்காதீர்கள் என்பதுதான். இந்திய வசதியுரிமைகள் சட்டம், 1882 இன் 36 ஆம் பிரிவு, வழி அடைக்கப்பட்டாலும் உரிமையுடையவர் தாமே அந்த அடைப்பை அகற்றக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. வசதியுரிமை என்பது, ஒரு நிலத்தைப் பயனுள்ள வகையில் அனுபவிப்பதற்காக, தமக்குச் சொந்தமில்லாத மற்றொரு நிலத்தின் மீது ஒருவருக்கு உள்ள வழியுரிமை, வெளிச்ச உரிமை, நீரோட்ட உரிமை போன்றவற்றைக் குறிக்கும். நீதிமன்ற வட்டாரத்தில் அதை ஈஸ்மென்ட் என்றே சொல்வார்கள். ஒரு வழியை அமைதியாகவும், வெளிப்படையாகவும், உரிமை என்ற நிலையிலும், இடையறாமல் 20 ஆண்டுகள் அனுபவித்திருந்தால் அவ்வுரிமை நிலைபெறுகிறது என்பது 15 ஆம் பிரிவு. தடை ஏற்பட்டதை அறிந்தும் ஓராண்டுக் காலம் அதற்கு இணங்கி இருந்தாலன்றி அது இடையறுதலாகக் கொள்ளப்படாது என்பதும் அப்பிரிவின் விளக்கத்தில் உண்டு.

இச்சட்டத்தில் வாடகைக் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டிய சொல், 12, 32, 33 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. வசதியுரிமையை நிலத்தின் சொந்தக்காரரும் பெறலாம். அந்நிலத்தை உடைமையில் வைத்திருக்கும் எவரும் அவர் சார்பில் பெற்றுத் தரலாம். உரிமை நிலைபெற்றபின் அதை இடையூறின்றி அனுபவிக்கச் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி அங்கே குடியிருப்பவருக்கும் உரிமை உண்டு. கணிசமான பாதிப்பு ஏற்பட்டிருந்தால் இழப்பீடு கோரிக் குடியிருப்பவரே வழக்குத் தொடரலாம். 35 ஆம் பிரிவின்படி தடையாணையும் கேட்கலாம். இதைக் கேட்டுத் திரும்பிய தந்தை அன்று இரவு வீட்டாரிடம், "வீட்டுக்காரர் வரவேண்டியதில்லையாம், நாமே கேட்கலாமாம்" என்று பலமுறை சொன்னது இக்கட்டுரையாளர் நினைவில் உள்ளது. பாத்தியம் இருந்தால் வீட்டுக்காரன் வரட்டும் என்ற வாதத்துக்கு, அந்நகரில் ஒருவரும் நினைவில் வைத்திராத ஒரு நூற்றாண்டுப் பழைய சட்டம் விடை சொல்லிவிட்டது.

தொல்லை பற்றிய பொதுச் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. கழிவுநீர், புகை, நாற்றம், ஓயாத இரைச்சல் ஆகியவற்றால் ஒருவர் தம் இருப்பிடத்தை இயல்பாக அனுபவிக்க முடியாமற்போவது தனியார் தொல்லை எனப்படும். இதற்கு வழக்குத் தொடரும் தகுதி உடைமையைப் பொறுத்தது, சொந்தப் பத்திரத்தைப் பொறுத்ததன்று. பக்கத்து வீட்டாரின் வானொலி விடியற்காலையில் சுவரதிர ஒலித்தபோது அன்று முறையிடத் தெளிவான அளவுகோல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுத்து, வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் எவரும் புகாரளிக்கலாம் என்கின்றன. எவரும் என்னும்போது அதில் வாடகைக்கு இருப்பவரும் அடங்குவார்.

பகைமைக்குச் சாதி காரணமாக இருக்கும் இடங்களில் நிலைமை வேறு. அதைச் சாதாரண அக்கம்பக்கத்துச் சண்டையாகக் கருதிச் சமரசம் பேசுவது பெரும் அநீதி என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 இன் கீழ்க் குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளை 1989 ஆம் ஆண்டுச் சட்டம் தனியே தண்டிக்கிறது. அங்கு முதல் நடவடிக்கை வக்கீல் நோட்டீஸ் அன்று, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை.

திருவல்லிக்கேணி வழக்கில் வக்கீல் அடுத்து கேட்டது வாடகை ரசீதுகளை. 1960 ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை பெற்றதற்கு ரசீது தரும் கடமையை வீட்டுக்காரர் மீது சுமத்தியிருந்தது. வீட்டுக்காரர் ஒருநாள் பாக்கி என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்தில் ஒவ்வொரு குடும்பமும் அவற்றைக் கம்பியில் குத்திச் சேர்த்து வைத்திருந்தது. அந்த அச்சம் வேறோர் எதிரிக்கு முன்னால் பயன்பட்டது. யார், எந்த ஆண்டு முதல் அங்கு குடியிருந்தனர் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. குடும்ப அட்டைகள் அதற்குத் துணை நின்றன. பின்கட்டுக் குடும்பங்கள் வாதிகளாகவும், பக்கத்து வீட்டார் முதல் பிரதிவாதியாகவும், வீட்டுக்காரர் பெயரளவுப் பிரதிவாதியாகவும் சேர்க்கப்பட்டு, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாயிற்று. பெயரளவுப் பிரதிவாதி என்பவர், எதிராக எதுவும் கோரப்படாவிட்டாலும், தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படுபவர்.

வழக்கு முடியும்வரை காத்திருந்தால் அறை எழும்பிவிடும் என்பதால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39 ஆம் கட்டளைப்படி இடைக்காலத் தடையாணையும், 26 ஆம் கட்டளையின் 9 ஆம் விதிப்படி இடத்தைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அமர்த்துவதும் கோரப்பட்டன. ஆணையர், நீதிமன்றத்தின் கண்ணாக நேரில் வந்து கண்டதை எழுதித் தருபவரே அன்றித் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இரு தரப்பு வக்கீல்களும் நிற்க, ஓர் இளம் வக்கீல் நாடா பிடித்துச் சந்தை அளந்து, பின்கட்டின் கதவு சந்தின் பக்கமே திறந்ததையும், வாசற்படிக் கல் நடந்து நடந்து நடுவில் தேய்ந்திருந்ததையும், புதுக் கதவின் வண்ணம் இன்னும் பளபளத்ததையும் வரைபடத்தோடு குறித்துக்கொண்டார். அவ்வறிக்கையே வழக்கின் போக்கைத் திருப்பியது. கட்டுமானத்தை நிறுத்தவும், வாதிகள் வந்துபோவதைத் தடுக்காதிருக்கவும் இடைக்கால ஆணை கிடைத்தது.

விசாரணை வாய்தா மேல் வாய்தாவாக நீண்டு சில ஆண்டுகளைத் தின்றது. பிரதிவாதியின் வாதம் கூர்மையானது: முந்தைய சொந்தக்காரர் அக்குடும்பங்களை இரக்கத்தால் நடக்க அனுமதித்தார், அனுமதியின் பேரில் நடந்தவருக்கு எத்தனை ஆண்டுகளானாலும் உரிமை வளராது. சட்டத்தில் இது சரியான வாதம். அனுமதி என்பது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்கது. ஆகவே அனுமதி கேட்கப்பட்டதா, கேட்காமலே உரிமையாக நடந்தார்களா என்பதே வழக்கின் முடிச்சாயிற்று. அதை அவிழ்த்தது பின்கட்டில் வசித்த மூதாட்டி ஒருவரின் சாட்சியம். 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் சென்னை காலியானபோது ஊருக்குப் போய்த் திரும்பிவந்து அவ்வீட்டில் குடியேறியவர் அவர். தம் வாழ்வின் எல்லாவற்றையும் அந்த எவாக்குவேஷனுக்கு முன், பின் என்றே கணக்கிட்டவர். குறுக்கு விசாரணையில், அந்தச் சந்து உங்களுடையதா என்று கேட்கப்பட்டபோது, "சந்து என்னோடது இல்லே. ஆனா தண்ணிக்குடத்தோட நடந்தது நான். யாரையும் கேட்டதும் இல்லே, யாரும் தடுத்ததும் இல்லே" என்றார். சொந்தம் கொண்டாடாமல், அனுமதி கேளாமல், மறைவின்றி நடந்தது என்ற மூன்றும் அவ்விடையில் அடங்கியிருந்தன. சட்டம் படித்தவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைவிட நன்றாக அமைந்திராது.

அதன்பின் பிரதிவாதி தரப்பு சமரசத்துக்கு வந்தது. அதுவரை ஒருமுறையேனும் நீதிமன்றம் வராத வீட்டுக்காரர், உரிமை தம் மனையோடு ஒட்டப்போகிறது என்று தெரிந்ததும் வந்து கையெழுத்திட்டார். சந்தின் முழு அகலத்துக்கும் வழியுரிமை உண்டு, இரும்புக் கதவு இருக்கலாம் ஆனால் பூட்டக் கூடாது, கழிவுநீர் விடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சமரசத் தீர்ப்பாணை பதிவாயிற்று. அன்று வக்கீல் கட்டணத்தைக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. இன்றாயின், பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழிசெய்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையமும் இயங்குகிறது. இத்தகைய வழக்குகளுக்கு அம்மையம் மிகப் பொருத்தமானது, ஏனெனில் வென்றவரும் தோற்றவரும் மறுநாள் காலையில் அதே சுவரின் இருபுறமும் கண் விழிக்க வேண்டியவர்கள்.

1960 ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2017 ஆம் ஆண்டின் 42 ஆம் சட்டமான நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. குடிநீர், மின்சாரம், நடைவழி விளக்கு, துப்புரவு போன்ற இன்றியமையா வசதிகளை நிறுத்திவைத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிட இது இடந்தருகிறது. அயலாரோடான வழக்கை இதுவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே விட்டுவிடுகிறது. ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயமாக்கப்பட்டு, அது இல்லாமையே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகவும் ஆகியிருப்பதால், வாய்ச்சொல்லில் குடியேறி, ரசீதின்றி வாடகை தரும் ஏழைக் குடும்பங்கள் பக்கத்து வீட்டாரின் அட்டூழியத்தை எதிர்த்து நீதிமன்றம் ஏறவே அஞ்சும் நிலை உருவாகியுள்ளது. ஒப்பந்தம் எழுதுவோர் வாடகைத் தொகையோடு நின்றுவிடாமல், எந்த வழி, எந்தக் குழாய், மாடியில் எவ்வளவு இடம் என்பவற்றையும் அதில் எழுதச் செய்வது இன்றியமையாதது.

அத்திருவல்லிக்கேணி வீட்டின் குடும்பங்கள் தீர்ப்பாணைக்குப்பின் சில ஆண்டுகளே அங்கிருந்தன. கட்டடத்தை இடித்துக் கட்டுவதாகச் சொல்லி வீட்டுக்காரர் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(1)(b) பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்து வென்றார். அச்சட்டத்தில் பழுது பார்க்க வெளியேற்றப்பட்டவர்களுக்குத் திரும்பிவரும் உரிமை இருந்தது, இடித்துக் கட்ட வெளியேற்றப்பட்டவர்களுக்கு அது இருக்கவில்லை. பின்னர் அம்மனை விற்கப்பட்டபோது, மேற்கே உள்ள சந்தில் வழியுரிமை உண்டு என்பது, குடித்தனக்காரர்கள் பெற்ற தீர்ப்பாணையின் எண்ணோடு, விற்பனைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வழியைக் காத்துத் தந்த குடும்பங்களுக்கு விற்பனைத் தொகையில் பங்கு கேட்கச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.